மண்டபம் கரையில் உலை வைக்குமுன்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் தொழில்துறையினர், ராமநாதபுரம், சிவகங்கை, தூத்துக்குடி மாவட்டங்களின் பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரி முதல்வர்கள், அங்குள்ள பொருளறிவியல், இயந்திரவியல் ஆசிரியர்கள்.

அன்புடையீர், வணக்கம்.

ஒரே ஒரு வேண்டுகோளுக்காக இந்த மடல். கடும் வெப்பத்தையும் ஆக்ஸிஜனேற்றத்தையும் தாங்கும் செராமிக் கூட்டுப்பொருள்களுக்கு (இழைகளால் வலுவூட்டிய செராமிக்குகளுக்கு) ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு சோதனைக்கூடம் அமையுங்கள். அமைக்கும்போது பெரிய உலை வாங்குவதில் தொடங்காதீர்கள். உப்பு, நீராவி, இழுவிசை மூன்றும் ஒரே துண்டின்மேல் அடுத்தடுத்து விழும்படி ஒரு சோதனை வரிசையைக் கட்டுங்கள். உலை அந்த வரிசையில் ஓர் உறுப்பாக வந்து சேரட்டும்.

உலர்ந்த காற்றில் 1,400 டிகிரியில் நூறு மணி நேரம் நின்றது என்ற சான்றிதழோடு வரும் துண்டு, 750 டிகிரியில், ஈரக்காற்றில், கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் சில மணி நேரத்தில் ஒடிந்து போகலாம். (இந்த மடலில் டிகிரி என்பதெல்லாம் செல்சியஸ்.) சூடு கூடினால்தான் ஆபத்து கூடும் என்று நினைத்துக் கட்டப்பட்ட கூடத்தில் இந்தக் குறை கண்ணில் படவே படாது.

ஏன் இந்தக் கரை? பாம்பனைப் பார்த்தாலே போதும். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் அரிப்பைத் தடுக்கும் பாலிசிலோக்சேன் பூச்சையும் போட வேண்டியிருந்தது. மண்டபம் நிலமுனைக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. கச்சான் அடித்தாலும் உப்பு, வாடை அடித்தாலும் உப்பு. ஆண்டு முழுக்க ஓய்வில்லை. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோக மாதிரிகளை மண்டபம் முகாமில் இந்தக் காற்றில் வைத்துப் பார்த்துவந்த அனுபவம் பக்கத்திலேயே இருக்கிறது. இக்கூடத்தால் பயன்பெறக் கூடியவர்களும் தூரத்தில் இல்லை. வழுதூரில் எரிவாயுச் சுழலி (கேஸ் டர்பைன்) மின்நிலையம், உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம், மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம், 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட குலசேகரன்பட்டினம் ஏவுதளம் எல்லாமே ஒரு நாள் பயணத்துக்குள் அடங்கும்.

பொருளைப் பற்றிச் சுருக்கமாக. தனிச் செராமிக் சூட்டைத் தாங்கும், அடியைத் தாங்காது. ஒரு விரிசல் விழுந்தால் மறுமுனை வரை ஓடிவிடும். அதனால் சிலிக்கான் கார்பைடு இழைகளை நெய்து, அதே சிலிக்கான் கார்பைடைத் தாய்ப்பொருளாக இடையில் நிரப்புகிறார்கள். இழைக்கும் தாய்ப்பொருளுக்கும் நடுவே போரான் நைட்ரைடு அல்லது கார்பனில் மெல்லிய இடைப்பூச்சு இருக்கும். தடிமன் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. விரிசல் அந்தப் பூச்சுக்கு வந்ததும் திசை மாறி இழையோரமாக ஓடுகிறது. இழை உடையாமல் உருவிக்கொண்டு வருவதால் பொருள் ஒரேயடியாக நொறுங்குவதில்லை. எடை நிக்கல் உலோகக் கலவையின் மூன்றில் ஒரு பங்குதான். 2016-ல் சேவைக்கு வந்த லீப் விமான எஞ்சினில் சுழலியைச் சுற்றியுள்ள உறைத் துண்டுகள் இந்தப் பொருளால் ஆனவை. கார்பன் இழைக்குக் கார்பனே தாய்ப்பொருளானால் கார்பன்-கார்பன். பிஎஸ்எல்வியின் நான்காம் கட்டத்துக்காக இஸ்ரோ செய்த கார்பன்-கார்பன் நாசிலை (எரிவாயு வெளியேறும் கூம்புக் குழலை) 2024 மார்ச்சிலும் ஏப்ரலிலும் மகேந்திரகிரியில் எரித்துச் சோதித்தார்கள். பழைய கொலம்பியம் கலவை நாசிலைவிட அது 67 விழுக்காடு எடை குறைவு. அதன்மேல் ஆக்ஸிஜனைத் தடுக்கச் சிலிக்கான் கார்பைடு பூச்சு.

இனி, எங்கே கெடுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சோதனை வரிசை அதிலிருந்துதான் பிறக்கிறது.

சிலிக்கான் கார்பைடு ஆக்ஸிஜனைச் சந்தித்தால் மேலே சிலிக்கா ஏடு கட்டுகிறது. பால் ஆடை மாதிரி அந்த ஏடே அடுத்த ஆக்ஸிஜனை மறிக்கிறது. உலர்காற்றில் 1,600 டிகிரி வரை இந்தக் காவல் நன்றாகவே வேலை செய்யும். சிக்கல் 700 முதல் 900 டிகிரி வரையுள்ள நடுவெப்பத்தில். அங்கே சிலிக்கா மெதுவாகத்தான் வளரும். சுமையில் தாய்ப்பொருளில் மயிரிழை விரிசல் திறந்தால், அதை அடைக்க அந்தச் சிலிக்காவுக்கு வேகம் போதாது. விரிசல் வழியே புகும் ஆக்ஸிஜன் நேராக இடைப்பூச்சைத் தின்கிறது. கார்பன் பூச்சு 500 டிகிரியிலேயே எரிந்து வெற்றிடம் விடும். போரான் நைட்ரைடு போரான் ஆக்ஸைடாக மாறும். அது 450 டிகிரியிலேயே உருகும் கண்ணாடி. ஈரம் இருந்தால் போரிக் அமில ஆவியாகப் பறந்துவிடும். பிறகு அந்த இடத்தில் சிலிக்கா வளர்ந்து இழையையும் தாய்ப்பொருளையும் ஒட்டிவிடுகிறது. ஒட்டியபின் விரிசல் திசை மாறாது. இழையையும் வெட்டிக்கொண்டு போகும். முறிந்த முகத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் துடைப்பம் மாதிரி இழைகள் நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய இடம் வழித்தெடுத்ததுபோல் தட்டையாக இருக்கும். 1,300 டிகிரியில் இதே துண்டு அதிக நாள் தாங்கும், ஏனென்றால் அங்கே சிலிக்கா வேகமாக வளர்ந்து விரிசல் வாயை மூடிவிடுகிறது. எஞ்சின் ஒவ்வொரு முறை ஏறும்போதும் இறங்கும்போதும் இந்த நடுவெப்பத்தைக் கடந்தே ஆக வேண்டும். பொருத்துமுனைகள் அங்கேயே நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும்.

இந்தக் கரைக்கு இன்னொரு எச்சரிக்கை: தாழ்வெப்பத்தில் படியவைத்த போரான் நைட்ரைடு, அறைவெப்ப ஈரக்காற்றிலேயே நீரோடு வினைபுரிந்து மெல்லச் சிதையும். வெட்டிய ஓரத்தோடு மாதிரிகளை மேசைமேல் போட்டுவைத்தால் சோதனைக்கு முன்பே கேடு தொடங்கிவிட்டிருக்கும்.

அடுத்தது நீராவி. எந்த ஹைட்ரோகார்பன் எரிந்தாலும் புகையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நீராவி இருக்கும். சிலிக்கா அந்த நீராவியோடு சேர்ந்து சிலிக்கான் ஹைட்ராக்ஸைடு வாயுவாகக் கிளம்புகிறது. கீழே ஏடு கட்டுகிறது, மேலே கரைந்து பறக்கிறது; காவல் சுவர் ஒருபுறம் எழும்ப மறுபுறம் இடிந்துகொண்டே இருக்கும். தேய்மான வேகம் நீராவி அழுத்தத்தின் வர்க்கத்தோடும் வாயு வேகத்தின் வர்க்கமூலத்தோடும் ஏறும். சுழலிக்குள் பூச்சில்லாத சிலிக்கான் கார்பைடு ஆயிரம் மணி நேரத்தில் சில நூறு மைக்ரோமீட்டர் தேயும் என்பது இதனால்தான். அதைத் தடுக்கும் மேற்பூச்சாக இப்போது இட்டெர்பியம் டைசிலிக்கேட் என்ற அருமண் சேர்மம் பயன்படுகிறது. அதன் வெப்ப விரிவு ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 4 முதல் 5 பங்கு. சிலிக்கான் கார்பைடும் ஏறத்தாழ அதே அளவு விரியும். சிர்கோனியாவின் (சிர்கோனியம் ஆக்ஸைடின்) விரிவு 10-ஐத் தொடும். நேரடியாகப் பூசினால் சில சுற்றுகளில் உரிந்துவிடும். மேற்பூச்சுக்கும் பொருளுக்கும் நடுவே சிலிக்கான் பிணைப்பூச்சு ஒன்று வைப்பது வழக்கம். சிலிக்கான் 1,414 டிகிரியில் உருகும் என்பதால் அந்த இடைமுகத்துக்கு 1,350 டிகிரிதான் எல்லை. அதற்கும் கீழேயே, பிணைப்பூச்சின்மேல் வளரும் சிலிக்கா கிறிஸ்டோபலைட் என்ற படிகமாகிவிட்டால், ஆறும்போது 220 டிகிரியை ஒட்டிச் சட்டென்று சுருங்கி வெடிப்பு விடும். அந்த ஏடு இருபது முப்பது மைக்ரோமீட்டரைத் தொட்டால் பூச்சு கழன்று விழும் நாள் நெருங்கிவிட்டது என்று பொருள்.

மூன்றாவது உப்பு. கடலுப்பு எரிபொருளின் கந்தகத்தோடு சேர்ந்தால் சோடியம் சல்பேட். உருகுநிலை 884 டிகிரி. அது சிலிக்கா ஏட்டைத் தின்று சோடியம் சிலிக்கேட்டாக்கும். 800 டிகிரியை ஒட்டியே உருகத் தொடங்கும் அந்தக் கண்ணாடி வழியாக ஆக்ஸிஜன் தங்குதடையின்றி உள்ளே போகும். 1,000 டிகிரிக்கு மேலே உப்பு பெரும்பாலும் ஆவியாகிவிடும். ஆகவே உப்பின் கேடும் நடுவெப்பத்தில்தான். மேலே சொன்ன இடைப்பூச்சுக் கேடும் அதே இடத்தில் என்பதால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. தனித்தனியாகச் சோதித்தால் இந்தக் கூட்டணி தெரியவராது.

நான்காவது தூசி. சுண்ணாம்பு, மக்னீசியா, அலுமினா, சிலிக்கா கலந்த தூசி 1,200 டிகிரிக்கு மேல் உருகி மேற்பூச்சுக்குள் இறங்கும். மண்டபம் கரை மணலில் சங்கு, சிப்பி, பவளத் துணுக்குகள் நிறைய, அதாவது சுண்ணாம்பு கூடுதல். சுண்ணாம்பு கூடிய உருகல் இட்டெர்பியம் சிலிக்கேட்டோடு சேர்ந்து அபடைட் வகைப் படிகமாக மாறும். குறைந்தால் பூச்சின் நுண்படிக மணிகளின் ஓரங்களில் புகுந்து பூச்சைக் கொப்பளிக்கவைக்கும். இரண்டில் எது நம் தூசி என்பதை வெளிநாட்டுச் செயற்கைத் தூசிப் பொட்டலம் சொல்லாது. மண்டபத்துத் தூசியையும், கரைக்கு உள்ளே தேரி (செம்மணல் மேடு) மணல் தூசியையும் தனித்தனியே எடுத்து, 110 டிகிரியில் உலர்த்தி, 45 மைக்ரோமீட்டர் சல்லடையில் சலித்து, முதலில் பிளாட்டினத் தகட்டில் உருக்கிப் பாருங்கள். எந்த வெப்பத்தில் ஓரம் மழுங்குகிறது என்று குறித்த பிறகே பூச்சின்மேல் தூவுங்கள்.

கடற்காற்று எப்படியெல்லாம் சுற்றி வளைத்துத் தாக்கும் என்பதற்கு அமெரிக்க விண்வெளி ஓடங்களே சாட்சி. அவற்றின் இறக்கை முன்விளிம்பு, சிலிக்கான் கார்பைடு பூசிய கார்பன்-கார்பன். 1992-ல் கொலம்பியா ஓடத்தின் விளிம்பில் ஊசிமுனைத் துளைகள் தென்பட்டன. தேடிப்போனால் காரணம் ஏவுதளக் கோபுரத்தில் இருந்தது. துருவைத் தடுக்கப் பூசிய துத்தநாகப் பூச்சின் மேலுறை கடற்காற்றில் நைந்து, மழைநீர் துத்தநாகத்தைக் கழுவி விளிம்பின்மேல் சொட்டியிருக்கிறது. வளிமண்டலத்துக்குள் திரும்பும் சூட்டில் துத்தநாக ஆக்ஸைடு அங்கிருந்த கண்ணாடிக் காவலைத் தின்றது. பொருளைத் தனியே உலையில் வைத்துப் பார்த்த எவருக்கும் பக்கத்துக் கோபுரத்துப் பெயின்ட் நினைவுக்கு வந்திருக்காது. குலசேகரன்பட்டினத்தை மனதில் வைத்துச் சொல்கிறோம்: மாதிரித் தட்டுகளைத் துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டத்தில் ஒருபோதும் மாட்டாதீர்கள். கார்பன் இழை உள்ள துண்டை அலுமினியம், சாதா எஃகுத் திருகுகளோடும் சேர்க்காதீர்கள். ஈர உப்பில் கார்பனும் அலுமினியமும் தொட்டால் மின்கலம்தான். திருகு கரைந்து அந்தக் கசடு துண்டில் படியும். பாலிடெட்ராஃப்ளோரோஎத்திலீன் (டெஃப்லான்) வளையமும் செராமிக் கொக்கியும் போதும்.

வரிசைக்கு வருவோம்.

முதல் படி வெளிக்காற்று. கரையிலிருந்து வெவ்வேறு தொலைவில் மூன்று தட்டுகள் வையுங்கள். ஒவ்வொன்றின் அருகிலும் ஈரத் திரி முறையில் (நனைந்த திரியில் காற்றின் உப்பைப் பிடித்து) குளோரைடு அளக்கும் குடுவை ஒன்று. மாதம் ஒருமுறை திரியை மாற்றி, ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்கு எத்தனை மில்லிகிராம் என்று எழுதுங்கள். இந்த எண் இல்லாமல் உப்பில் வைத்தோம் என்று சொல்வதில் ஒரு பொருளும் இல்லை. சாதா உப்பு 75 விழுக்காடு ஈரப்பதத்தில் தானே கரையும், அதற்குக் கீழே படிகமாகும். நம் கரையில் இரவில் கரைவதும் நண்பகலில் இறுகுவதுமாக அது துளைகளுக்குள் நெம்புகோல் போட்டுக்கொண்டே இருக்கும். வாலிநோக்கம் உப்பளத்தில் உப்பு வாரிய பிறகு மிஞ்சும் கசப்பு நீர் லேசில் உலராததைப் பார்த்தவர்களுக்கு மக்னீசியம் குளோரைடின் குணத்தை விளக்க வேண்டியதில்லை; பகலிலும் ஈரத்தைப் பிடித்துவைப்பது அதுதான்.

இரண்டாவது, அளந்து உப்பேற்றுதல். துண்டை 150 முதல் 200 டிகிரிச் சூட்டுத் தட்டில் வைத்து, லிட்டருக்கு 20 கிராம் சோடியம் சல்பேட் கரைசலைப் பனிபோலத் தெளித்து, சதுர செ.மீ.க்கு 1 மி.கி. படியவையுங்கள். பத்து ச.செ.மீ. பரப்புக்கு அரை மி.லி. கரைசல் கணக்கு; விலகிப் போகும் தெளிப்பு இதில் சேரவில்லை என்பதால் எடைபோட்டே முடிவு செய்ய வேண்டும். துளையுள்ள பொருளுக்குத் தெளிப்பைவிட ஊறவைத்தலே உண்மைக்கு நெருக்கம். 50 × 10 × 3 மி.மீ. துண்டில் 35 விழுக்காடு துளை என்றால் உள்ளே அரை மி.லி. கடல்நீர் நிற்கும், உலர்ந்தால் 18 மி.கி. உப்பு. மொத்தப் பரப்பால் வகுத்தால் சதுர செ.மீ.க்கு 1.3 மி.கி. ஆக ஒரே ஒரு தடவை கடலில் நனைவது ஆய்வகத்தின் முழு உப்பேற்றலுக்குச் சமம்.

மூன்றாவது, நீராவி உலை. பணத்தையும் கவனத்தையும் இங்கே கொட்டுங்கள். 90 விழுக்காடு நீராவி, 10 விழுக்காடு ஆக்ஸிஜன், 1,316 டிகிரி, ஒரு மணி நேரம் உள்ளே, இருபது நிமிடம் வெளியே என்பது மேற்பூச்சுக்காரர்கள் பரவலாகக் கையாளும் சுழற்சி. (1,316 என்ற விநோத எண்ணுக்குப் பின்னால் ஒரு தத்துவமும் இல்லை, 2,400 ஃபாரன்ஹீட், அவ்வளவே.) சாதாரண அழுத்தத்தில் 90 விழுக்காடு நீராவி, பத்து வளிமண்டல அழுத்தச் சுழலியின் 10 விழுக்காட்டுக்கு ஏறத்தாழ ஈடு. வாயு நொடிக்கு 2 செ.மீ. போனால் போதும். குழாயின் உள்விட்டம் 50 மி.மீ. என்றால் நிமிடத்துக்கு 0.29 மி.லி. தண்ணீரும், அறைவெப்பத்தில் அளந்த 44 மி.லி. ஆக்ஸிஜனும் வேண்டும். மணிக்கு 17.5 மி.லி.; ஆயிரம் மணிக்கு 17.5 லிட்டர். இந்தத் தண்ணீரில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மாவட்டத்து நிலத்தடி நீரின் உவர்ப்பு எல்லோருக்கும் தெரியும். வடிகட்டிய நீரென்று நம்பி லிட்டருக்குப் பத்து மி.கி. சோடியம் உள்ள தண்ணீரை ஊற்றினால், ஓட்டம் முடிவதற்குள் 175 மி.கி. சோடியம் உலைக்குள் போயிருக்கும். நீராவிச் சோதனை என்று பெயர் வைத்து உப்புச் சோதனை நடத்தியதாகிவிடும். 18 மெகாஓம் தரத்தில் அயனி நீக்கிய நீர் மட்டுமே, அதுவும் மின்தடை எண்ணைத் தினமும் பதிவேட்டில் எழுதி.

குழாயும் பொய் சொல்லும். அலுமினாக் குழாயிலுள்ள சோடியம் மாசு ஆவியாகித் துண்டின்மேல் படிந்து ஆக்ஸிஜனேற்றத்தை வேகப்படுத்தும் என்பது இத்துறையில் முன்பே தெரிந்த செய்தி. 1,200 டிகிரி வரை உயர்தூய்மைக் குவார்ட்ஸ், அதற்கு மேல் சிலிக்கான் கார்பைடு உட்குழாய் வையுங்கள். அலுமினாவைத் தவிர்க்க முடியாவிட்டால் தூய சிலிக்கான் கார்பைடுத் துண்டு ஒன்றை ஒவ்வொரு ஓட்டத்திலும் சாட்சியாக உடன் வைத்து, அதன் ஏட்டுத் தடிமனை முன்னதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மின்சாரம் நின்றால் உலை தன் போக்கில் ஆறும். அப்படி ஆறுவது கணக்கில் வராத ஒரு வெப்ப அதிர்ச்சி. கட்டுப்பாட்டுப் பெட்டி, நீரேற்றி, வாயு வால்வு மூன்றையும் யுபிஎஸ்ஸில் போட்டு, ஒவ்வொரு தடங்கலையும் சுற்று எண்ணோடு எழுதிவிடுங்கள். மாலிப்டினம் டைசிலிசைடு சூடேற்றிகளை 400 முதல் 600 டிகிரியில் நெடுநேரம் நிறுத்தாதீர்கள். அந்த வெப்பத்தில் அவை பொடியாக உதிரும்.

நான்காவது, சுமையோடு நடுவெப்பம். உப்பேற்றிய துண்டையும் ஏற்றாத துண்டையும் 750, 850 டிகிரிகளில், ஈரக்காற்றில், தாய்ப்பொருளில் விரிசல் விழும் தகைவுக்கு (பரப்பளவு ஒன்றுக்கான இழுவிசைக்கு) சற்று மேலே நிலையாக இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்தத் தகைவு எதுவென்று ஒலி உமிழ்வு உணரியால் அறைவெப்பத்தில் முன்கூட்டியே கண்டுகொள்ளுங்கள்; விரிசல் விழும் சொடுக்கு கேட்கத் தொடங்கும் இடம் அது. எத்தனை மணி நின்றது, நின்றவற்றில் மிச்ச வலிமை எவ்வளவு, முறிந்த முகத்தில் இழை எவ்வளவு நீளம் உருவியிருக்கிறது: இந்த மூன்றும் எழுத வேண்டும். ஒரு நிலைக்குப் பத்துத் துண்டாவது வேண்டும். செராமிக்கில் மூன்று துண்டின் சராசரி கைரேகை ஜோசியம்.

எடை மாற்றத்தை மட்டும் நம்பி எழுதும் அறிக்கைகளைத் தயவுசெய்து ஏற்காதீர்கள். ஒரு மைக்ரோமீட்டர் சிலிக்கா வளர்ந்தால் பத்து ச.செ.மீ. துண்டில் கூடும் எடை முக்கால் மி.கி.கூட இல்லை. அதே நேரம் ஓரத்தில் கொஞ்சம் கார்பன் எரிந்திருந்தால் அந்தக் கூடுதல் அப்படியே ஈடாகிவிடும். எடை மாறவில்லை என்ற வரிக்குப் பின்னால் பாதி எரிந்த துண்டு ஒளிந்திருக்கலாம். வெட்டிப் பார்ப்பதுதான் வழி. போரான் உள்ள துண்டைத் தண்ணீர் ஊற்றி வெட்டவோ மெருகிடவோ கூடாது; போரான் ஆக்ஸைடுக் கண்ணாடி கரைந்துபோய், பார்க்க வந்த சாட்சியமே கழுவப்பட்டுவிடும். எண்ணெயோ எத்தனாலோ பயன்படுத்துங்கள். உலையிலிருந்து எடுத்ததும் உலர்கலத்தில் வைத்து ஆறியவுடன் எடைபோடுங்கள்; நம் காற்றில் அரை மணி மேசைமேல் இருந்தால் போதும், அந்தக் கண்ணாடி ஈரத்தைக் குடித்து எண்ணைக் கெடுத்துவிடும்.

செய்முறை பற்றி எங்கள் கருத்து கொஞ்சம் கறாரானது. முதல் ஆண்டில் சிலிக்கான் கார்பைடைத் தொட வேண்டாம். அலுமினா (அலுமினிய ஆக்ஸைடு) இழையை, அலுமினாவும் முல்லைட்டும் (அலுமினா-சிலிக்கா சேர்மம்) கலந்த தாய்ப்பொருளில் பதிக்கும் ஆக்ஸைடு கூட்டுப்பொருளில் தொடங்குங்கள். ஏற்கெனவே ஆக்ஸைடு என்பதால் அது மேலும் ஆக்ஸிஜனேறாது. ஆர்கான், வெற்றிடம் எதுவும் வேண்டாம். சாதாரணக் காற்று உலை போதும். பயன்பாடு 1,000 முதல் 1,150 டிகிரி வரை. எரிப்பான் முனை, புகைப்போக்கு உறை, எரிகலன் உட்சுவர் போன்றவற்றுக்குச் சரியாக இருக்கும். துணியை 700 டிகிரியில் இரண்டு மணி வைத்து நெசவுப் பசையை எரித்துவிடுங்கள். நுண் அலுமினாவோடு ஒரு மைக்ரோமீட்டர் முல்லைட்டைக் கலந்த குழம்பில் தோய்த்து, அடுக்கி, வெற்றிடப் பையில் அழுத்தி, மெதுவாக உலர்த்தி, 1,100 முதல் 1,200 டிகிரிக்குள் இரண்டு மணி சுடுங்கள். வேகமாக உலர்த்தினால் அடுக்குகள் பிரியும். 1,200-ஐத் தாண்டிச் சுட்டால் பார்க்க வலுவாக, தட்டினால் கணீரென்று இருக்கும். ஆனால் பொருள் கெட்டுவிட்டது. இதில் இடைப்பூச்சு கிடையாது. தாய்ப்பொருளின் 35, 40 விழுக்காட்டுத் துளைதான் விரிசலை உடைத்துச் சிதறடிக்கிறது. அதை அடைத்துவிட்டால் விரிசல் நேராக இழைக்குள் இறங்கும். அந்தத் துளையே உப்புக்கும் வாசல் என்பதால், நம் கரையில் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை.

இரண்டாம் கட்டத்தில் சிலிக்கான் கார்பைடு. பாலிகார்போசிலேன் பிசினை வெற்றிடத்தில் இழைத் துணிக்குள் ஊட்டி, நிமிடத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி ஏற்றி, ஆர்கானில் 1,000 டிகிரிக்கு மேல் சுட்டுச் செராமிக்காக்கும் முறை கல்லூரிக்கு ஏற்றது. ஒவ்வொரு சுற்றிலும் பிசின் சுருங்கி, நிரப்பிய இடத்தில் ஏறத்தாழ பத்தில் மூன்று பங்குதான் திடமாக நிற்கும். 50 விழுக்காட்டுத் துளை 35, 24, 17, 12 என்று இறங்கி ஐந்தாம் சுற்றில் 8 ஆக வேண்டும் என்பது கணக்கு. நடைமுறையில் வாய் மூடிய துளைகளால் ஏழெட்டுச் சுற்றுக்குப் பிறகும் பத்தை ஒட்டியே நிற்கும். ஒரு சுற்றில் எடை ஒரு விழுக்காடுகூட ஏறவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் ஊட்டுவது பிசினுக்குத்தான் நஷ்டம். இழை வாங்கும்போது ஆக்ஸிஜன் அளவைக் கேளுங்கள். பத்து விழுக்காட்டுக்கு மேல் ஆக்ஸிஜன் உள்ள பழைய தலைமுறை இழை 1,200 டிகிரிக்கு மேல் தானே சிதையும்.

வாயுவிலிருந்து படியவைக்கும் முறையை மட்டும் இந்தக் கரைக்குக் கொண்டுவராதீர்கள். மெத்தில் டிரைகுளோரோசிலேனிலிருந்து ஒரு கிலோ சிலிக்கான் கார்பைடு படிந்தால், ஏட்டுக் கணக்குப்படியே 2.7 கிலோ ஹைட்ரஜன் குளோரைடு வெளியேறும். அதை நடுநிலையாக்க 3 கிலோ காஸ்டிக் சோடா. படியாமல் போகும் பங்கையும் சேர்த்தால் பல மடங்கு. 1986-லேயே தேசியப் பூங்காவான மன்னார் வளைகுடாத் தீவுகளின் எதிரில் அந்தக் கழிவுநீர்த் தொட்டி இருப்பது முறையல்ல. அவ்வகைத் துண்டுகள் வேறிடத்தில் செய்யப்பட்டுச் சோதனைக்கு மட்டும் இங்கே வரட்டும்.

மீவெப்பச் செராமிக்கில், அதாவது சிர்கோனியம் டைபோரைடில், சின்னச் சின்ன வில்லைகளோடு நிறுத்திக்கொள்ளலாம். தூத்துக்குடி மாவட்டத்துப் பழையகாயலில் சிர்கோனியம் வளாகம் இருப்பதால் மூலப்பொருள் பற்றிய அறிவு பக்கத்தில் உண்டு. கன அளவில் 80-க்கு 20 என்று சிலிக்கான் கார்பைடைக் கலக்க, 100 கிராமுக்கு 88.4 கிராம் போரைடும் 11.6 கிராம் கார்பைடும் எடுங்கள். எடையில் 80-க்கு 20 என்று போட்டுவிடும் தவறு அடிக்கடி நடக்கிறது. 40 மி.மீ. விட்டம், 6 மி.மீ. தடிமனுள்ள வில்லைக்கு 41.6 கிராம். 1,900 டிகிரி, 30 மெகாபாஸ்கல், ஒரு மணி நேரம். 1,450-லும் 1,650-லும் வெற்றிடத்தில் சற்று நிறுத்தி, பொடியின் மேலுள்ள போரான் ஆக்ஸைடை வெளியேற்றிய பிறகே ஆர்கானுக்கு மாறுங்கள். அந்த நிறுத்தத்தைத் தவிர்த்தால் அடர்த்தி ஏறாது. ஈரமான நம் காற்றில் திறந்துவைத்த பொடியென்றால் நிச்சயம் ஏறாது. 1,800 டிகிரியில் ஒற்றை அலைநீள வெப்பமானியை நம்புவோருக்கு ஒரு கணக்கு: உமிழ்திறன் (பரப்பு வெப்பக் கதிரை வெளிவிடும் விகிதம்) 0.9 என்று அமைத்திருக்க, மேலே சிர்கோனியா ஏடு வளர்ந்து அது 0.6 ஆகிவிட்டால், 0.9 மைக்ரோமீட்டர் அலைநீளக் கருவி ஏறத்தாழ நூறு டிகிரி குறைத்துக் காட்டும்.

இயந்திரங்களுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரி, இடம் ஒதுக்கி, கட்டடம் எழும்பக் காலம் பிடிக்கும் என்பது தெரிந்ததே. குளோரைடுத் திரிக்கும் மாதிரித் தட்டுக்கும் கட்டடம் வேண்டியதில்லை. ஒரு பாலிடெக்னிக்கின் வேதியியல் ஆய்வகமும் மாதம் ஒருமுறை மண்டபம் போய்வரும் ஆளும் போதும். ஓராண்டின் உப்பு அளவு கையில் இருந்தால், உலைக்கான விவரக்குறிப்பை அனுமானத்தில் எழுத வேண்டியிராது. அந்த எண்களையும், பின்னால் ஒடியும் ஒவ்வொரு துண்டின் பதிவையும், நின்றவற்றோடு சேர்த்து எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். ஐப்பசியில் வாடை திரும்புமுன் முதல் தட்டு கரையில் ஏறிவிட்டால் இரண்டு காற்றுப் பருவங்களும் ஒரே ஆண்டுக் கணக்குக்குள் அடங்கும்.

இப்படிக்கு,
உயர்வெப்பப் பொருள்களோடும் கடலோர அரிப்போடும் வேலை செய்வோர் சிலர்,
ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து.